அழகுமீனாவின் இடது கைப் படம்

போன மாதம் சிவகங்கையிலிருந்து ரேவதி தொலைபேசியில் அழைத்தாள். என்னோடு கடைசி மூன்று வருடம் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது அவள் இருக்கும் மருத்துவமனையில் புதிதாக ஏதோ மென்பொருள் வந்திருக்கிறதாம். பிள்ளைகளின் கையைப் படம் எடுத்துக் கணினியில் போட்டால் அரை நிமிடத்தில் வயதைச் சொல்லிவிடுமாம். "டாக்டர்கூட வேணாம் மேடம். வருஷம், மாசம் எல்லாம் அதுவே சொல்லுது. அந்தக் காலத்துல நீங்க எப்படிப் பாத்தீகன்னு எங்க சங்க மலருக்கு எழுதித் தாங்களேன்" என்றாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது நான்கு வருடத்துக்கு முந்திய காலத்தை. ஓய்வு பெற்றவர்களுக்கு நேற்றுகூட அந்தக் காலம்தான்.

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? பால்காரர் வந்து போனால் அன்றைக்கு ஆள் வந்து போன கணக்கு முடிந்தது.

முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்ரே எடுத்தேன். மதுரையில் இரண்டு வருடப் படிப்பு, பரமக்குடியில் ஆறு வருடம், திருப்பத்தூரில் கொஞ்ச காலம், மீதி முழுவதும் காரைக்குடி. நான் வேலையில் சேர்ந்தபோது படத்தை இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் கழுவிக் காயப்போட வேண்டும். விட்டுவரும்போது எல்லாம் திரைக்கு வந்திருந்தது. மாறாமல் இருந்தது ஒன்றுதான். பொத்தானை அழுத்தும் நேரத்தில் கூட வந்தவர்கள் வெளியே போய்விடுவார்கள், நானும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுவேன். ஒரு நாளைக்கு அறுபது பேரைத் தொட்டுத் திருப்பிப் படுக்க வைத்தாலும் ஒருவரோடும் நான்கு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். "மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீக. விடுங்க." அவ்வளவுதான் என் பேச்சு.

எங்கள் ஊர் திருக்கோஷ்டியூர்ப் பக்கம். நிலபுலன் உள்ள குடும்பம், வரனுக்குக் குறைவில்லை. வந்த மூன்று வரன்களும் வந்த வழியே போயின. மூன்றாவது மாப்பிள்ளையின் தாயார் நேராகவே கேட்டார், "அந்த மிசினுப் பக்கத்துல நிக்கிற பொண்ணுக்குப் பிள்ள தங்காதாம்ல?" என்று. எங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு அட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய், கதிர் பட்ட அளவு சரியாக இருக்கிறது என்று தாள் வரும். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்திருக்கலாம். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று அண்ணன் சொல்வார். அந்தக் கோபம் இப்போது ஒரு தட்டும் ஒரு டம்ளருமாக என் அடுப்படியில் இருக்கிறது.

காரைக்குடியில் எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் கதிரேசன். படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுபவர். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. கையோ காலோ ஒரு விரற்கடை கோணலாக விழுந்திருந்தால் படத்தை ஒன்றும் சொல்லாமல் மேசை மேல் கவிழ்த்து வைப்பார். மறுபடி எடு என்று அர்த்தம். திட்டித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

காரைக்குடிக்கு நான் வந்த புதிதில், தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் மனைவி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். இடுப்புப் படத்தைத் தூக்கி விளக்கில் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீக" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என் பேச்சை நம்பி, டாக்டருக்குக் காத்திராமல் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்தபோது தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். ஆள் அனுப்பி அவரைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "விசாலம், படம் எடுக்குறது உங்க வேலை. சொல்றது என் வேலை. அதுலயும் நல்ல சேதி சொல்லத்தான் ரொம்பப் படிக்கணும்" என்றார். அன்றிலிருந்து என்னிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "அதெல்லாம் டாக்டர் சொல்வாரு. அடுத்த ஆள்." வருடம் செல்லச் செல்ல இதைச் சொல்ல நான் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை, முகமே சொல்லிவிடும்.

இனி ரேவதி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போது, பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சர்வதேசக் கால்பந்துப் போட்டி ஒன்று நம் நாட்டில் நடப்பதாக முடிவாயிற்று. அதற்கான தேர்வு முகாம்களில் ஒன்றைக் காரைக்குடியில் ஒரு கல்லூரி மைதானத்தில் வைத்தார்கள். முகாமுக்கு வந்த முப்பத்தோரு பிள்ளைகளின் கையையும் எங்கள் மருத்துவமனையில் படம் எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

முகாமின் பயிற்சியாளர் ஸ்டெல்லா கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு எனக்கு விளக்கம் சொன்னார். "மத்த நாடெல்லாம் தகுதிச் சுற்று ஆடி, ஜெயிச்சுத்தான் வரணும் மேடம். போட்டிய நடத்துற நாட்டுக்கு அது கெடையாது. நாம நேரா உள்ள."

"நம்ம வீட்டு விசேஷத்துல பந்தியில உக்கார யாரக் கேக்கணும்?" என்றேன்.

"சலுகை நாட்டுக்குத்தான், பிள்ளைங்களுக்கு இல்ல. வயசு கூடுன ஒரு பிள்ள உள்ள போனாலும் அம்புட்டுப் பேரு முன்னாடியும் நமக்குத்தான் அசிங்கம்" என்றார் அவர்.

செய்முறை எளிதுதான், ஆனால் நுணுக்கமாகச் செய்ய வேண்டும். இடது கையைத்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கை தட்டில் படிய, விரல்கள் கொஞ்சம் விலகி, நடுவிரலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஓரத்தில் இடது என்று காட்டும் ஈய எழுத்து, பிள்ளையின் எண், பெயர். கதிர் வரும் குழாயை நடுவிரலின் அடிக்கணுவுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் தொப்பி போல ஒரு துண்டு தனியாக நிற்கும். நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். பிள்ளை வளர வளர அந்த இடைவெளி குறுகி, கடைசியில் மூடிவிடும். மூடியிருந்தால் வயது கூடிவிட்டது என்று அர்த்தம், பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அறிக்கை எழுதும்போது டாக்டர் ஒரு மருந்துச் சீட்டை மடித்துத் திரையில் பெயர் இருக்கும் இடத்தை மறைத்துக்கொள்வார். "பேரப் பாத்தா மொகம் ஞாபகம் வரும். மொகம் வந்தா எலும்பு மறைஞ்சுரும்" என்பார்.

பத்தொன்பதாம் எண் அழகுமீனா. புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் பஞ்சவர்ணத்தின் மகள், எட்டாம் வகுப்பு. விண்ணப்பத்தில் வகுப்பைத்தான் எழுதியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழை முகாம் முடிவதற்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சின்னக் கை. நடுவிரலை நேராக்கி வைத்ததும் அசையாமல் வைத்துக்கொண்டாள். பல பிள்ளைகளுக்கு அந்த மட்டும் பொறுமை இருக்காது. அவள் வெளியே போனதும் தாயார் மட்டும் கதவோரம் நின்றாள்.

"அம்மா, எலும்புல உள்ள வயசு தெரிஞ்சுருமா? காயிதத்துல எப்படி இருந்தாலும் இது தனியாத் தெரிஞ்சுருமா?"

இந்தக் கேள்வியை அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். விளையாட்டில் சேர்ப்பதற்காக மகனின் வயதைக் குறைத்து எழுதிக்கொண்டு வரும் அப்பன்மார் இப்படித்தான் கதவோரம் நின்று கேட்பார்கள். இவளும் அந்த ரகம் என்று முடிவு கட்டினேன். "அதெல்லாம் டாக்டர் சொல்வாரு. அடுத்த ஆள்" என்றேன். அவள் போய்விட்டாள். இருபதாம் எண் உள்ளே வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மைதானத்தருகே கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குமுன் நான் கால்பந்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. மற்ற பிள்ளைகள் பந்தை உதைத்துவிட்டு அதன் பின்னால் ஓடினார்கள். அழகுமீனாவின் பந்து அவள் காலை விட்டு ஒரு சாண் தூரம்கூடப் போகவில்லை. மூன்று பேர் வழி மறித்தாலும் இடுக்கில் நுழைந்து வந்தாள். ஆலைக் களத்தில் அவித்த நெல் காயும்போது, வரிசை வரிசையாகக் கிடக்கும் நெல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை இருக்குமாம். நெல்லின் மேல் பந்து பட்டால் மேஸ்திரி அடிப்பாராம். அங்கே பழகிய கால் என்றார் ஸ்டெல்லா. "இந்த மாதிரிப் பிள்ள நான் இதுவர பாத்ததில்ல மேடம். இவ வயசு மட்டும் சரியா வந்துரணும்."

மறுநாள் டாக்டர் பத்தொன்பதாம் படத்தை வழக்கத்தை விட அதிக நேரம் பார்த்தார். "பதிமூணு. முன்னப்பின்ன ரெண்டு மூணு மாசம்" என்று எழுதினார். தாய்க்காரி வீணாகப் பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஏன் கேட்டாள் என்று யோசிக்க அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா மூச்சிரைக்க வந்தார். பின்னால் பஞ்சவர்ணமும் மகளும் நின்றார்கள். "மேடம், படத்துல பேரு மாறிப்போச்சா? இவ பிறப்புச் சான்றிதழ்ல பதினஞ்சு முடிஞ்சிருக்கு. நீங்க எடுத்த படத்துல பதிமூணுங்குறீங்க."

என் ரத்தம் கொதித்தது. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு படத்தில் நான் பெயர் மாற்றியதில்லை. பிள்ளையை உள்ளே கூப்பிட்டு, ஸ்டெல்லாவைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பெயர் போட்டு, மறுபடி எடுத்தேன். டாக்டர் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். ஒரே கை, ஒரே வயது. "பேரு மாறல. காயிதம் மாறியிருக்கு" என்றார்.

அப்போதுதான் பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள். மகளை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சொன்னாள். "அந்தக் காயிதம் மூத்தவளோடதும்மா. ஏழு மாசத்துல காச்சல் கண்டு போயிருச்சு. கம்மாக்கரையில பொதச்சோம். இவ பொறந்தப்ப அதே பேர வெச்சாத்தான் தங்கும்னு சாமியாடி சொன்னாரு. அறுப்புக்குப் போன எடத்துல பொறந்தா, எங்கயும் பதியல. பள்ளிக்கூடத்துல காயிதம் கேட்டாக. மூத்தவளுது இருந்துச்சு, பேரும் அதுதான். குடுத்துட்டேன்."

தேர்வான பிள்ளைகளின் பட்டியல் டெல்லிக்குப் போக ஒன்பது நாள் இருந்தது. டாக்டர், இந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதுதான் என்று அன்றைக்கே தன் கையால் கடிதம் எழுதி ஸ்டெல்லா மூலம் டெல்லிக்கு அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது. எலும்புப் படம் வயது கூடியவரை விலக்குவதற்கு மட்டுமே, சேர்ப்பதற்குச் சான்றிதழ்தான் வேண்டும் என்று. அதாவது எலும்பு ஒரு பிள்ளையை வெளியே அனுப்பலாம், உள்ளே கூப்பிட முடியாது.

நான் விடுப்புப் போட்டேன். என் வேலைக்காலத்தில் இன்னொருவருக்காக நான் போட்ட முதல் விடுப்பு அது. தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு, விட்டுப்போன பிறப்பைப் பதிய தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். இளையவளின் பிறப்பைப் பதிய வேண்டுமானால், முதலில் மூத்தவளின் இறப்பைப் பதிய வேண்டும் என்றார். படிவத்தை எடுத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

"எறந்த கொழந்த பேரு?"

"அழகுமீனா."

"இப்ப பதிய வேண்டிய பிள்ள பேரு?"

"அழகுமீனா."

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். சுவரோரம் நின்ற பிள்ளையும் பார்த்தாள். அவளுக்கு அதுவரை இது தெரியாது. மூத்தவள் இறந்த தேதியைக் கேட்டதும் பஞ்சவர்ணம் உடனே சொல்லிவிட்டாள். இளையவள் பிறந்த தேதி தெரியவில்லை. அந்த வருடம் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் என்று மட்டும் சொன்னாள். எழுத்தர் பழைய நாள்காட்டியைத் தேடி எடுத்துத் தேதியைக் கண்டுபிடித்தார். பிறகு பேனாவைக் கொடுத்தார். இறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட பஞ்சவர்ணத்துக்கு வெகுநேரம் ஆயிற்று. பதினைந்து வருடமாக அந்தப் பிள்ளை ஒரு காகிதத்திலாவது உயிரோடு இருந்தது. தாய் கையாலேயே அதையும் முடிக்கச் சொன்னோம்.

திரும்பி வரும் பேருந்தில் பிள்ளை கேட்டாள். "அப்ப எம் பொறந்தநாளு தீபாவளி கழிச்சாம்மா?"

"ஆமாடி."

"இம்புட்டு நாளும் முட்டாயி குடுத்தது யாருக்கு?"

பஞ்சவர்ணம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊரில் விசாரணை, அறிவிப்பு ஒட்டுதல், பெரியவர்கள் வாக்குமூலம் எல்லாம் முறைப்படி நடந்தன. யாரும் காலம் கடத்தவில்லை. யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். உத்தரவு கையில் கிடைத்தபோது பட்டியல் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. ஸ்டெல்லா தொலைபேசியிலேயே அழுதார். அடுத்த போட்டி வருவதற்குள் பிள்ளைக்கு உண்மையிலேயே வயது கடந்துவிடும். எனக்கு அழுகை வரவில்லை. ஆறுதல் சொல்ல ஆளில்லாத வீட்டில் அழுது பழக்கமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனம் விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தது. பஞ்சவர்ணம் கதவோரம் நின்று கேட்ட நாளிலேயே தொடங்கியிருந்தால் கூடுதலாகப் பன்னிரண்டு நாள் கிடைத்திருக்கும். ஆறு நாளுக்கு அது தாராளம்.

போட்டி தொடங்கியபோது நான் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். நம் பிள்ளைகள் பதினோரு பேரும் வரிசையாக நின்று பாடினார்கள். அவர்களில் இரண்டு பேருடைய இடது கை எனக்குத் தெரியும். பாட்டு முடிவதற்குள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு புதுவயல் பேருந்தில் ஏறினேன்.

ஆலைக் களம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டு வந்தாள். தூரத்தில் லாரிகளுக்குப் பின்னால் அழகுமீனா சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கிட்டே வரவில்லை. "டிவி பாக்க மாட்டேங்குறா. நீக வாங்கம்மா, இங்குட்டு நெழல்ல உக்காருங்க" என்றாள் தாய். ஒரு சாக்கை உதறிப் போட்டாள்.

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு, வீட்டிலிருந்து சுமந்துவந்ததை இறக்கி வைத்தேன். "ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு ஆஸ்பத்திரில என்கிட்ட வந்து வயசு தெரியுமான்னு கேட்டியே. மூத்த பிள்ள விசயத்த அப்பவே சொல்லியிருந்தா நாள் கெடச்சிருக்குமே. ஏன் சொல்லாம போயிட்ட?"

உண்மையைச் சொன்னால், பழியில் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அவள் நெல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "சொல்லத்தாம்மா நின்னேன். வரிசையில நிக்கிறப்ப உள்ளாற எட்டிப் பாத்தேன். எம்பிள்ள கைய அம்புட்டு மெதுவா எடுத்து வெச்சீக. இந்த அம்மாகிட்டச் சொன்னா கேப்பாகன்னு தோணுச்சு. கேக்க ஆரம்பிச்சதும் ஒரு பார்வ பாத்தீக. வயசக் கொறச்சுக் கூட்டியாந்த களவாணியப் பாக்குற மாதிரி. அதுக்கு மேல வாய் வரல."

சொல்லிவிட்டு, காய்ந்த பக்கம் போதும் என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.